பூதக்கண்ணாடி பார்க்காத வரி

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். லிஃப்டுகளை இயக்கும் நிரல் எழுதுவது அவள் வேலை. எழுதியதைப் பொதுக் களஞ்சியத்தில் பதியுமுன், எந்த வரி முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பார்த்து முடித்த பிறகுதான் ஒரு குறிப்பு எழுதி 'கமிட்' செய்வாள், அதாவது மாற்றத்தைப் பதிவாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் இதே வழக்கம்.

"மேடம் ஒரு கமிட் போடுறதுக்குள்ள லிஃப்ட் நாலு தடவை மேல போயிட்டு வந்துடும்" என்று குழுத்தலைவர் எல்லார் முன்னாலும் சிரித்தது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாரமே ஒரு சின்னக் கருவியைக் கணினியில் நிறுவிக்கொண்டாள். காலையில் ஒரு கட்டளை அடித்துவிட்டால் போதும். அவள் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அது தானே கமிட் செய்யும், தானே குறிப்பு எழுதும், தானே சர்வருக்கும் அனுப்பிவிடும். கேலி நின்றது. அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் நிரலை ஓட்டிப் பார்க்க அவள் மேசையில் இருந்த சோதனைப் பலகைக்குக் கதவும் கிடையாது, கதவின் விளிம்பில் ஆள் நிற்பதைப் பார்த்துச் சொல்லும் சென்சார் கண்ணும் கிடையாது. கண் இல்லாவிட்டால் யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்றே நிரல் எண்ணி, மேற்கொண்டு ஓடாது. அதனால் சோதிக்கும் நேரத்துக்கு மட்டும், கண்ணைக் கேட்கச் சொல்லும் வரியை அணைத்து வைப்பாள். கமிட்டுக்கு முன் சரிபார்க்கையில் அது தட்டுப்படும். மறுபடி உயிர் கொடுத்துவிடுவாள். இப்போதுதான் சரிபார்ப்பே இல்லையே.

அன்று காலை நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வரியை அணைக்கப் போனாள். அது ஏற்கெனவே அணைந்திருந்தது.

பதிவுகளைப் புரட்டினாள். முந்தின நாள் மாலை கருவி அப்படியே பதிந்து, "கதவுப் பகுதியில் சிறு திருத்தம்" என்று குறிப்பும் எழுதியிருந்தது. குறிப்பை மட்டும் படித்துவிட்டுக் குழுத்தலைவர் ஒப்புதல் கொடுத்திருந்தார். அந்த நிரலை எடுத்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்துத் தெரு மருத்துவமனை லிஃப்டில் ஏற்றக் கிளம்பி வெகு நேரமாயிற்று. மெக்கானிக் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன்.

போன் போட்டாள். கிடைக்கவில்லை. லிஃப்டின் மோட்டார் அறைக்குள் சிக்னல் எட்டாது.

விஷயத்தைக் கேட்டதும் குழுத்தலைவரின் முகம் வெளுத்தது.

"கத்தாதீங்க. முதல்ல அந்த வரியைச் சரி பண்ணி ஏத்துங்க. காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்."

"சர்வர்ல ஏத்தினா அது லிஃப்டுக்குள்ள போயிடுமா சார்? அங்க நோயாளிங்க ஏறிட்டிருப்பாங்க! நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக்கிட்டே இருங்க. யாரும் லிஃப்டைத் தொடக்கூடாதுன்னு சொல்லுங்க."

தெருமுனையில் ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

மருத்துவமனையின் தரைத்தளத்துக்குப் போன் தகவல் இன்னும் எட்டியிருக்கவில்லை. படுக்கை லிஃப்ட் திறந்திருந்தது. காலில் பெரிய கட்டுடன் ஓர் அம்மாள் தள்ளுபடுக்கையில் பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தார். ஒரு சக்கரம் வாசல் இடுக்கில் மாட்டிக்கொள்ள, உதவியாளர் குனிந்து அதை நெம்பிக்கொண்டிருந்தார். அம்மாளின் கை படுக்கைக் கம்பிக்கு வெளியே தொங்கியது. கதவு மூடத் தொடங்கியது.

அவள் பாய்ந்து, அந்தக் கைக்கும் கதவுக்கும் நடுவே தோளைக் கொடுத்தாள். கதவு நிற்கவில்லை. தோளை அழுத்திப் படுக்கையின் கம்பியோடு சேர்த்து நெரித்தது.

மடிக்கணினியோடு படியிறங்கி வந்த கொழுந்தன் பதறினான். "அண்ணி! என்ன பண்றீங்க? விலகுங்க, அது தானா திறந்துக்கும்!"

"திறக்காதுப்பா! கண்ணை நான்தான் அணைச்சு வச்சேன்! சாவியைப் போட்டு நிறுத்து!"

அவன் சாவியை வாசலோரத் துளையில் செருகத் தடுமாறினான். ஒரு முறை தவறியது. மறுமுறை திருகியதும் மோட்டார் அடங்கிக் கதவு தளர்ந்தது. உதவியாளர் அதை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தார்.

அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும். நான் சரி பண்ணி, ரெண்டு பேரும் நின்னு சோதிக்கிற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதே. எழுத்துல விளக்கம் கேட்டா, என் தப்புன்னு நானே எழுதித் தரேன்."

"அதெல்லாம் சரிங்க" என்றார் உதவியாளர். "ஆபரேஷனுக்கு மூணாவது மாடியில டாக்டர் காத்துக்கிட்டிருக்காரு. படுக்கை போற லிஃப்ட் இது ஒண்ணுதான்."

காவலாளியையும் கூப்பிட்டு, அம்மாளை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். நான்காவது மூலையை அவள் பிடித்தாள்.

"நீங்க விடுங்க அண்ணி. தோளைப் பாருங்க, எப்படி வீங்குது."

"இன்னொரு தோள் இருக்குல்ல? தூக்குப்பா."

முதல் திருப்பத்தில் அம்மாள் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். "லிஃப்ட்ல அனுப்புறோம்னாங்க, பல்லக்குல கொண்டு போறீங்களே!" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உனக்கே அடிபட்டிருக்கு. நீ ஏம்மா தூக்குறே?"

"நான்தாம்மா தூக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.