கீபோர்டுக்குள் ஒரு கிட்டார்

ராக் கிட்டார் மேதை ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தை, திண்டுக்கல்லில் என் வாடகை அறையில் தனியாகப் பார்த்தேன். ஒருநாள் அவர் மேடைக்கு வரவில்லை என்றதும் அரங்கமே அழுதது. எனக்கு எரிச்சலாக வந்தது.

நானும் பன்னிரண்டு வருடமாக மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிப் போனபோது, குழுவை நடத்தும் டீச்சர் கேட்டார்: "இம்புட்டு நாளா நீங்க வரலையா சார்? கீபோர்டுலயே கிட்டார் சத்தம் வருதுல்ல, அதான் தெரியல."

படம் பார்த்த மறு ஞாயிறு, பூசை நடுவில் வேண்டுமென்றே கிட்டாரில் ஒரு சுரத்தைத் தப்பாக, பலமாக வாசித்தேன். மொத்தக் குழுவும் திரும்பிக் கீபோர்டுக்காரரை முறைத்தது. அவரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.