ரதி வேஷம் கேட்டவர்

நோர்வூட் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர். பேசும்போதெல்லாம் முகவாயைத் தூக்கிக்கொள்வார். என் புத்தகத்தில் யொரூபா மரமுகமூடி ஒன்றின் படம். அதன் உச்சியில் பாலூட்டும் தாய். நைஜீரியாவில் தாய்மாரைப் போற்ற ஆண்கள் இதை அணிந்து ஆடுவார்கள் என்று கேட்காமலே விளக்கினேன். எனக்கு அந்த வியாதி உண்டு.

"எங்க தோட்டத்துக் காமன் கூத்துலயும், சேர், மன்மதன் பொண்டாட்டி ரதியா ஆடுறது ஆம்பளைங்கதான். இந்த வருஷம் நான் ஆடுறேன்னேன். ரெண்டு பிள்ளைக்குத் தாய் ஆடுறதான்னு கமிட்டியில கேக்குறாங்க. போன வருஷ ரதிக்கு நாலு பிள்ளைங்க."

"ஆம்பளைங்க ஆடுறது தாய்க்குச் செய்ற மரியாதைதானேம்மா?"

"மரியாதை செய்ய எங்க மூஞ்சி எதுக்குங்க? எடம் விட்டா போதும்."

"கமிட்டி சம்மதிக்கலன்னா?"

பையைத் திறந்து காட்டினார். உள்ளே புதுச் சலங்கை. "இன்னைக்குக் கூட்டத்துக்கே கட்டிக்கிட்டுத்தான் போறேன்."

நானும் சில கமிட்டிகளில் இருந்திருக்கிறேன். வாசலில் அந்தச் சத்தம் கேட்டால், நாற்காலியை விட்டு எழுந்து முதலில் இடம் விடுபவன் நானாகத்தான் இருப்பேன்.