ஆஞ்சியோ மேஜையில் எங்கள் மலைக்காரர்கள்

ஒருவருடைய இதயத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அவருக்குப் பேச்சும் கொடுக்கிற வேலை என்னுடையது. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆஞ்சியோ அறை நர்ஸ். ஊர் ஏற்காடு என்பதால், மலையிலிருந்து யார் வந்தாலும் என் தலையில்தான் கட்டுவார்கள். ஆஸ்பத்திரியில் காலம் தள்ளும் சகாக்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கிளை

கிளியூர் சரசக்கா எஸ்டேட்டில் காப்பிச் செடிகளின் அடர்ந்த கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறவர். மேடேறினால் நெஞ்சை அடைக்கும், உட்கார்ந்தால் விட்டுவிடும். படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியாததால் ஆஞ்சியோவுக்கு வந்தார். டாக்டர் மணிக்கட்டை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்திச் சாயம் விட்டார். ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகத் திரையில் விரிந்தன. பயத்தில் என் விரலை நசுக்கிக்கொண்டிருந்த அக்கா, அதைப் பார்த்ததும் பிடியை விட்டார்.

"சின்னக் கிளையிலதாம்மா அடைப்பு. மாத்திரையே போதும்" என்றார் டாக்டர்.

"கெளை நொம்ப அடசலா இருக்குதுங்களே, கவாத்து ஒண்ணும் வேண்டாமுங்களா?"

பஜ்ஜி

ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் குமாருக்கு டிரெட்மில் சோதனையில் சந்தேகம் வந்தது. அன்றிலிருந்து சொந்தக் கடை பஜ்ஜியைத் தொடக்கூட மனைவி விடவில்லை. ஆஞ்சியோவில் பார்த்தால், எங்கும் அடைப்பே இல்லை! மேஜையில் படுத்தபடியே மனிதர் கண்ணீரும் சிரிப்புமாகக் கும்பிடப் போனார். 'கையை அசைக்காதீங்க' என்று நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க சிஸ்டர், இத என்ற ஊட்டுக்காரிகிட்ட நீங்களே சொல்லீருங்க, நாஞ் சொன்னா பஜ்ஜிக்காகச் சொல்றேன்னு சொல்லுவா."

சோடா

வடிவேலண்ணன் நான் தினமும் இறங்கி வரும் பஸ்ஸின் டிரைவர். நெஞ்சு எரிந்தால் 'கேஸு' என்று சோடா குடிப்பார். ஒருநாள் காலையில், அடிவாரத்தில் பஸ்ஸைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. ஆம்புலன்ஸில் நானே கூட வந்தேன்.

ஆஞ்சியோவில் முக்கியமான ரத்தக்குழாய் ஏறக்குறைய மூடியிருந்தது. மணிக்கட்டில் விட்ட குழாய் வழியாகவே பலூனை விட்டு விரித்து, ஸ்டென்ட் வைத்தார் டாக்டர். திரையில் ரத்தம் குபுகுபுவென்று ஓடியது. அண்ணன் முகத்திலிருந்து வலி வடிந்தது.

"கேஸு இல்லீங்கண்ணா, அடைப்பு. இப்பத் திறந்தாச்சு" என்றேன்.

"அப்ப நாங் குடிச்ச சோடாவெல்லாம் எங்கீங்க சிஸ்டர் போச்சு?"

ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எங்கள் மலைக்காரர்களுக்கு வாயில் மட்டும் அடைப்பே கிடையாது.