பூசையில் வாசித்த நாடு

சந்தியோகு பாரிசவாதம் வந்து விழுந்த ஆண்டின் மாரிகாலத்தில், அவரைப் பராமரிக்க நான், மதலேனா, அந்த வீட்டுக்குப் போனேன். தாழ்வுபாட்டில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது வீடு. ஆட்கள் முள்ளிக்குளத்தவர்கள்; அவர்களுடைய சொந்தக் காணி இன்னும் கடற்படை வேலிக்குள் கிடக்கிறது. சந்தியோகு நல்ல உயரம், வலை இழுத்த உடம்பு. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறும், ஆனால் விளங்கும். அப்படிப்பட்ட ஒருவரைத் தனி ஆளாய்ப் புரட்ட ஒரு முறை இருக்கிறது. அதை நான் கொழும்பில் படித்து, சைப்பிரசில் வருடக்கணக்காகச் செய்து, இப்போது ஊரில் செய்கிறேன்.

என் சம்பளத்தை அனுப்பியவர் சந்தியோகுவின் மனைவி லூர்தம்மாவின் தம்பி பெனடிற். அவர் இருப்பது ரொறன்ரோவில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் இதில் தொங்கியது.

எழுத வந்தது அவர்களுடைய மகள் டெல்சியாவைப் பற்றி. ஒரே பிள்ளை. யாழ்ப்பாணத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். ஊரில் அவளைக் கெட்டிக்காரி என்பார்கள், பிறகு வாய்க்காரி என்பார்கள். இரண்டும் சரி. நின்றபடி சாப்பிடுவாள். தாய் ஏதாவது சொன்னால் பதில் சொல்லாமல் மூக்கைச் சுருக்குவாள். ஒரு திட்டத்தில் தற்காலிக வேலை பார்த்தாள்: தோணியில் போய், கடலடியில் சாதாழை எங்கே நிற்கிறது, எங்கே இழுவைமடி வலை வழித்துக்கொண்டு போய்விட்டது என்று பார்த்துப் பதிகிற வேலை. சாதாழை என்பது ஆழமில்லாத கடலில் முளைக்கிற புல். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள்தான் வளரும். வேலை முடிந்து வந்தால் வீடு முழுக்கச் சேற்று மணம். அதைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவாள்.

அந்தப் புல்லிலேயே ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். மார்கழியில் வெளிநாடுகளில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தாள். பிறகு காத்திருப்பு. ஆசுப்பத்திரியில் சதைத்துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவளும் அப்படித்தான் இருந்தாள். தொலைபேசியைக் கவிழ்த்து வைப்பாள், பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து நிமிர்த்திப் பார்ப்பாள்.

முதல் பதில் வந்தபோது பாரை மீனுக்குச் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஏலாதாம்."

"ஏனாம்?"

"கனபேர் போட்டவையாம் அன்ரி. நல்ல பிள்ளையாம், ஆனால் வேண்டாமாம். கலியாணம் பேசப் போய்த் திரும்பி வாற ஆக்கள் மாதிரி வடிவாய்ச் சொல்லியிருக்கினம்."

செதிளைத் தொடர்ந்து உரித்தாள். இன்னும் இரண்டு இடங்களும் அப்படியே கைவிட்டன. மிஞ்சியவை நோர்வேயும் ரொறன்ரோவும்.

நோர்வேயில் இதே புல்லை வாழ்நாள் முழுக்கப் பார்த்த பேராசிரியை ஒருத்தி இருந்தாள். அங்கே அது படிப்பு மட்டுமல்ல, சம்பளமுள்ள வேலை. அவர்கள் நேர்முகம் கண்டார்கள். எங்கள் பக்கம் கைத்தொலைபேசி நினைத்தால் இந்தியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கணினியையும் தூக்கிக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். இருப்பது ஓர் இடம். அவள் இரண்டாவதாக நின்றாள். முதலாவது ஆள் வேண்டாம் என்றால் இவளுக்கு.

ரொறன்ரோவில் அவள் கேட்ட படிப்பு வேறு. அங்கே புல் இல்லை, ஏரித் தண்ணீரின் இரசாயனம். மாமன் பெனடிற் சொன்னதற்காகப் போட்டது. அதுதான் முதலில் ஓம் என்று வந்தது.

பதில் சொல்லச் சித்திரை நடுப்பகுதி வரை தவணை இருந்தது. டெல்சியா தாய்க்குச் செய்தியைச் சொன்னாள். "ஆனால் நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. நோர்வே வரட்டும்" என்றும் சொன்னாள். நான் பக்கத்தில் சந்தியோகுவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். லூர்தம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று பின்னேரமே சுவாமியின் மிஷன் வீட்டுக்குப் போய், ஞாயிறு பூசையில் வாசிக்கச் சொல்லிப் பூசைக்கருத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்காக நன்றிப்பூசை கொடுப்பது அவர்கள் போய் இறங்கிய பிறகுதான். ஏஜென்சிக்காரர்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய காலத்தில் வந்த பழக்கம் அது. வழியில் பிடிபட்டுத் திரும்பி வந்தால் ஊர் முகத்தில் விழிக்க முடியாது. இது லூர்தம்மாவுக்கும் தெரியும். நான் ஞாபகப்படுத்தினேன்.

"அது ஏஜென்சிக்கு அக்கா. இது யூனிவேர்சிற்றி எல்லோ" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் சுவாமி வாசித்தார். சந்தியோகு லூர்தம்மா குடும்பத்தினர், தங்கள் மகள் டெல்சியாவுக்குக் கனடா நாட்டில் உயர்கல்வி வாய்ப்புக் கிடைத்தமைக்காக இறைவனுக்கும் மாதாவுக்கும் நன்றியாக. பெண்கள் பக்கம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை" என்றாள் டெல்சியா, வாயை அசைக்காமல்.

"சும்மா நில். சுவாமி வாசிக்கிறார்."

பூசை முடிந்து வெளியே வருவதற்குள் அது முடிந்த காரியமாகிவிட்டது. அடுத்த நாளே எதிர்வீட்டுச் செசிலியா பனம்பழப் பினாட்டும் பனங்கிழங்கு ஒடியலும் ஒரு பை கருவாடும் கொண்டுவந்தாள்.

"என்ரை மூத்தவன் ரொறன்ரோவிலைதானே பிள்ளை. கையோடை கொண்டுபோய்க் குடு."

"நான் போறதெண்டாலும் ஆவணியிலைதான், செசிலியா மாமி."

"பரவாயில்லை, கருவாடு பழுதாகாது. நீதான் மனம் மாறாமல் இருக்கவேணும்."

இப்படி ஒழுங்கையில் பாதிப் பேர் கொண்டுவந்தார்கள். அலுமாரிக்கு மேலே பொதிகள் அடுக்கப்பட்டன. சந்தியோகுவின் அறையில் கருவாட்டு மணத்துக்கு இலையான் மொய்க்கத் தொடங்கியது. நான் நுளம்பு வலையைப் பகலிலும் போட்டேன்.

தவணை முடியக் கொஞ்சம் முன்பாக நோர்வே எழுதியது. முதலாவது ஆள் வரவில்லை, இடம் உனக்கு, ஒரு கிழமைக்குள் பதில் சொல். டெல்சியா அதை வாசித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். வந்து தாயிடம் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டே எதையும் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

லூர்தம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவில்லை.

"பூசையிலை கனடா எண்டு வாசிச்சாச்சு."

"நான் வாசிக்கச் சொன்னனானே?"

"மாதாவுக்கு முன்னாலை என்னைப் பொய்க்காரி ஆக்கப்போறியோ? சனத்துக்கு என்ன சொல்லுறது?"

"நோர்வே எண்டு சொல்லுங்கோ. அதுவும் வெளிநாடுதான். மாதாவுக்கு அங்கையும் கோயில் இருக்கு."

"அங்கை ஆர் இருக்கினம் உனக்கு?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் நல்லது."

அன்றிரவு பெனடிற் வீடியோவில் வந்தார். தொலைபேசியைச் சந்தியோகுவின் கட்டில் விளிம்பில் சாய்த்து வைத்துக் குடும்பமாக இருந்து பேசினார்கள். நான் சந்தியோகுவின் குதிக்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"நோர்வேயிலை என்ன இருக்கு பிள்ளை? இருட்டும் மீனும். மீன் மணக்க வேணுமெண்டால் தாழ்வுபாட்டிலையே இருக்கலாமே" என்று சிரித்தார். பிறகு, "இஞ்சை உனக்கு வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. மாமியின்ரை அம்மாவின்ரை அறையிலை உனக்கும் ஒரு கட்டில் போட்டாச்சு. நோயாளி மனிசி, இரவிலை எழும்பினால் ஒரு துணை. நீ மதலேனாக்காவைப் பாத்துப் பழகியிருப்பாய்தானே, தூக்கிறது கழுவிறது?"

நோயாளியின் அறையில் இன்னொரு கட்டில் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சைப்பிரசில் என் கட்டிலும் அங்கேதான் கிடந்தது. டெல்சியா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

"நான் மாட்டன் எண்டால் மாமா?" என்றாள்.

பெனடிற் கோபப்படவில்லை. "அது உன்ரை விருப்பம். ஆனால் நானும் எத்தினை பக்கம் பாக்கிறது? நீ உழைக்கப் போறாய். அப்பாவைப் பாக்கிற செலவை இனி நீதான் பாக்கவேணும்" என்றார்.

நோர்வேயில் உழைத்து அனுப்பலாம் என்று அவள் சொன்னாள். அனுப்பலாம்தான். ஆனால் போய்ச் சேர்ந்து, சம்பளம் கைக்கு வரும் வரை இடையில் யார் பார்ப்பது என்று லூர்தம்மா கேட்டாள்.

மற்ற நாள் காலை குசினியில் நான் லூர்தம்மாவிடம் நேரே சொன்னேன். "உன்ரை தம்பிக்கு வேண்டியது படிக்கிற பிள்ளை இல்லை, சம்பளமில்லாத வேலைக்காரி. அந்தக் கட்டிலிலை படுத்துக்கொண்டு ஒருத்தரும் படிச்சு முடிக்கேலாது."

"நீங்கள் அந்தக் கட்டிலிலை படுத்துத்தானே அக்கா கல்வீடு கட்டினீங்கள்" என்றாள் லூர்தம்மா. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். நான் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடைசியில் டெல்சியா தகப்பனிடம் கேட்டாள். அவர் சொன்னால் நோர்வேக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைக்கிறேன். மனுசன் வாழ்நாளெல்லாம் அவளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர், புல்லை முதலில் காட்டியவரும் அவர்தான்.

சந்தியோகு கூரையைப் பார்த்துச் சொன்னார். குழறினாலும் நன்றாக விளங்கியது.

"கனடா. மதலேனா இல்லாட்டி நான் பீயிலை கிடக்கவேணும்."

நான் வர முன் அவர் அப்படித்தான் கிடந்தார். நான் வந்தபோது முதுகில் புண் இருந்தது, என் உள்ளங்கை அளவு. அப்படிக் கிடந்த ஒருவரிடம் வேறு பதிலை எதிர்பார்க்கக் கூடாது. டெல்சியா எதிர்பார்த்திருந்தாள்.

அவள் நோர்வேக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, ரொறன்ரோவுக்குச் சம்மதம் எழுதினாள். இரண்டையும் ஒரே இருக்கையில் எழுதினாள். முடித்துவிட்டு என்னிடம் வந்து, "ஒரு வருசம் அன்ரி. பிறகு அறை எடுத்துக்கொண்டு போயிடுவன்" என்றாள். "தூக்கேக்கை முழங்காலை மடிச்சுத் தூக்கு, இல்லாட்டி ஒரு வருசத்திலை முள்ளந்தண்டு போயிடும்" என்றேன்.

விசாவுக்குக் கொழும்புக்குப் போய்க் கைரேகை கொடுத்தாள். திட்ட வேலை ஆனியோடு முடிந்தது. போகப் போகிறவள்தானே என்று புதுப்பிக்கவில்லை. மறுபடி காத்திருப்பு. இந்த முறை தொலைபேசியைக் கவிழ்த்து வைக்கவில்லை. அக்கறை இல்லாத மாதிரி மேசையில் போட்டிருந்தாள்.

ஆடி முடிவில் விசாவை மறுத்து எழுதினார்கள். படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவார் என்று நம்ப முடியவில்லையாம். அங்கே நெருங்கிய உறவினர் இருக்கிறார்கள்; இங்கே கணவன் இல்லை, நிரந்தர வேலை இல்லை, பெயரில் காணி இல்லை. மாமன் தன் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதாக உறுதி கொடுத்திருந்தார். அந்த மாமன்தான் மறுப்புக்கு முதல் காரணமானார்.

டெல்சியா அன்றே நோர்வேப் பேராசிரியைக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது, அன்பான பதில். மூன்றாவதாக நின்றவர் வேலையைத் தொடங்கிவிட்டார்.

மறுப்பு வந்ததை ஒலிபெருக்கியில் வாசிக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது. முதலில் வந்தவள் செசிலியா.

"குறை நினையாதை பிள்ளை. பேசாலையிலை ஒரு பொடியன் போறானாம், அவனிட்டைக் குடுத்துவிடலாம் எண்டு" என்று கருவாட்டைக் கேட்டாள். டெல்சியா கதிரை வைத்து ஏறி ஒவ்வொரு பொதியாய் எடுத்துக் கொடுத்தாள். பினாட்டில் எறும்பு ஏறியிருந்தது. செசிலியா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வைச்சிருந்து பழுதாக்கிப்போட்டாய்" என்றாள்.

"மனம் மாறாமல் இருந்தனான் மாமி" என்றாள் டெல்சியா. செசிலியாவுக்கு விளங்கவில்லை.

பெனடிற் அதன் பிறகு வீடியோவில் வரவில்லை, குரல் செய்தி அனுப்பினார். மாமியாருக்கு இனிச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டியிருக்கிறது, இரண்டு இடத்துக்கு அனுப்பத் தன்னால் ஏலாது, குறை நினைக்க வேண்டாம். லூர்தம்மா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள். பிறகு என் கண்ணைப் பார்க்காமல், "இனிப் பிள்ளை வீட்டிலை நிக்கிறாள்தானே அக்கா" என்றாள்.

"ஓம்" என்றேன். எனக்கு மன்னாரில் வேறொரு வீடு ஏற்கனவே கேட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் ஆள் தேவைப்படாத நாள் இல்லை.

போக முன் வேலையை ஒப்படைத்தேன். எந்தப் பக்கம் எப்போது புரட்டுவது, பஞ்சணையை எங்கே வைப்பது, சிறுநீர்க் குழாயை எப்படிக் கழுவுவது. அவள் ஒரு தடவை பார்த்தாள், அடுத்த தடவை சரியாகச் செய்தாள். சந்தியோகு அவள் தொட்டபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் தகப்பனைக் கழுவுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. அவள் கண்டுகொள்ளவில்லை, கை நின்றுவிடாமல் வேலை செய்தது.

"இந்த வருசம் திரும்ப விண்ணப்பம் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள். துவாயைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நோர்வேக்குப் போடேக்கை முதல் தரம் ஏன் வேண்டாமெண்டனி எண்டு கேப்பினம். என்னத்தைச் சொல்லுறது, பூசையிலை வாசிச்சிட்டினம் எண்டோ?"

மார்கழியில் மறுபடி விண்ணப்பக் காலம் வந்து போனது. கடற்கரைப் பக்கம் அவளை யாரும் காணவில்லை என்றார்கள்.

நத்தார் பண்டிகை கழிந்த ஞாயிறு தாழ்வுபாட்டுக் கோயிலுக்குப் போனேன். முன் வரிசையில் லூர்தம்மா தனியாக நின்றாள், புதுச்சீலை. சுவாமி கருத்துகளை வாசித்தார். சந்தியோகு லூர்தம்மா குடும்பத்தினர், நோயுற்ற தந்தையைப் பராமரிக்கத் தங்கள் மகளை வீட்டோடு இருத்தித் தந்தமைக்காக இறைவனுக்கும் மாதாவுக்கும் நன்றியாக.

வீட்டில் டெல்சியா சந்தியோகுவை இடப்பக்கம் புரட்டுகிற நேரம் அது. அந்த அறைக்கு ஒலிபெருக்கி நன்றாகக் கேட்கும்.