அந்தப் பக்கம் பார்த்த பறவை

பாச்சா உருண்டை வாசனை வந்தால் எனக்குச் செங்கல் தூசி ஞாபகம் வந்துவிடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வேறு வீடுகளில் இருக்காதுதான். தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் எங்கள் "லைன் வீட்டில்" இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சுவரில் விழுந்த ஓட்டையிலிருந்து பறந்த தூசி அடங்குவதற்குள், பக்கத்து வீட்டுப் பீரோவின் பாச்சா உருண்டை வாசனை எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறிக்குழம்பு வாசனையோடு கலந்து நின்றது. அந்த ஓட்டையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இப்போது பெங்களூரில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்துகொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பிடித்த வேலை, நடு ரோட்டில் யாராவது ஒரு கதவுக் கைப்பிடியைப் பற்றிக் கேட்டாலும் நின்று அரைமணி நேரம் பேசுவேன். இந்த வருஷம் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் செல்போனில் ஒரே மாதிரிப் படத்தைத்தான் காட்டுகிறார்கள்: ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் சுவர் கிடையாது, அதற்குப் பதிலாக முதுகுப் பலகை இல்லாத அலமாரி, அதில் இடம் விட்டு இடம் விட்டு ஒரு பித்தளை உருளி, ஒரு வாசனை மெழுகுவத்தி, ஒரு மண் ஜாடி. இந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும், அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். "இதுதான் இப்ப புதுசு" என்கிறார்கள். நானும் உற்சாகமாகத் தலையாட்டி அளவெடுக்கத் தொடங்குவேன். இதை எங்கள் அப்பா எப்போதோ செய்துவிட்டார், அதுவும் தவறுதலாக, என்று சொல்ல வாய் வரும், சொன்னதில்லை.

லைன் வீடு என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே ரயில் பெட்டி போல வரிசையாக வீடுகள். முன்னால் சின்ன வராண்டா, ஒரு ஹால், பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். சுரங்கம் நடந்த காலத்தில் கம்பெனி கட்டிக்கொடுத்தவை. எந்தச் சுவரும் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்களுக்கு இடது சுவர் என்றால் ஸ்டெல்லா ஆன்ட்டி வீட்டுக்கு அது வலது சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து அம்மா "நூறு" என்பாள். ஆணி அடித்தால் அங்கே காரை உதிரும். அதனால் சாமி படம் மாட்டுவதற்குக்கூட முதலில் பக்கத்து வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது எங்கள் லைனில் வழக்கம்.

அப்பா சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற "டிரில்லர்" வேலையில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு, மற்றவர்களைப் போலவே விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்குப் போகத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய பரிசுப்பொருள் கடையின் குடோனில் பெட்டி கட்டும் வேலை. பணக்காரர்கள் கிரகப்பிரவேசத்துக்கும் கல்யாணத்துக்கும் வாங்கிக்கொடுக்கும் சாமான்களை வைக்கோல் வைத்துச் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார். விளிம்பில் சின்னதாகச் சில்லு போனவை, மெருகில் புள்ளி விழுந்தவை எல்லாம் "டேமேஜ் பீஸ்" என்று ஒதுக்கப்படும். பண்டிகை சமயத்தில் முதலாளி அவற்றை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவை: மூடியில்லாத நீலநிறப் பீங்கான் ஜாடி, பல்பு மாட்ட வழியில்லாத மேசை விளக்கு, அடியில் மயிரிழைக் கீறலோடு ஒரு ஜோடி வெள்ளைப் பீங்கான் பறவைகள். கொக்கா அன்னமா என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் "பறவை" என்றே சொன்னோம்.

அம்மாவுக்கு அவை உயிர். ஆனால் வைக்க இடமில்லை. கட்டில், பீரோ, டி.வி. ஸ்டாண்டு, தையல் மெஷின் போக ஹாலில் மிஞ்சிய இடத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், படித்தோம், படுத்தோம். எனவே அந்த அழகுச் சாமான்கள் எல்லாம் பழைய பேப்பரில் சுற்றப்பட்டு, கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டிக்குள் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, பாயில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைப்பாள். "இத்தினி அழகா இருந்து இன்னா பிரயோஜனம்? ஊர்ல ஒருத்தர் கண்ணுல படல" என்பாள். அவள் வேண்டியதெல்லாம் ஒரு ஷோகேஸ். நாலு பேர் வந்து நின்று பார்க்கிற மாதிரி ஒரே ஒரு இடம்.

கடையின் பழைய விலைப்புத்தகம் ஒன்றில் அவள் அதைக் கண்டுபிடித்தாள். சுவருக்குள்ளேயே குடைந்த மாடம், உள்ளே மஞ்சள் வெளிச்சம், முன்னால் கண்ணாடி. தரையில் ஒரு விரற்கடை இடம்கூட அடைக்காது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படியில் ஒட்டிவைத்தாள். அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது அவர் எதிரே இருந்தது.

"இது கம்பெனி செவுரு. நாளைக்கு காலி பண்ணுன்னு சொன்னா செவுத்த பேத்து தலையில தூக்கினு போவியா?" என்றார் அப்பா.

"செவுரு அவங்களுதாவே இருக்கட்டும். பள்ளம் நம்முளுது" என்றாள் அம்மா.

அப்பா ஒரு ஞாயிறு உளியும் சுத்தியுமாக உட்கார்ந்தார். வீட்டுச் சுவரை உடைக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதன் கனத்தை அளப்பார். அப்பாவுக்கு அது தோன்றவே இல்லை. பூமிக்கடியில் பாறையை யாரும் அளந்து பார்த்ததில்லை, தட்டித்தான் பார்த்தார்கள். அதிர்ந்து முழங்கினால் உள்ளே பொள்ளல், அதிராமல் அடங்கினால் கெட்டி. அப்பா சுவரில் காதை வைத்து, அங்கங்கே தட்டிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்றார். "இங்க நல்ல கெட்டி. முழு கை ஆழம் போவலாம்" என்றார். உலகம் முழுக்கப் பாறை என்று நினைத்த மனிதர்.

நாலாவது செங்கல் போன கையோடு உளி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பலகை பிளக்கும் சத்தம். பிறகு அந்தப் பாச்சா உருண்டை வாசனை. ஓட்டைக்குள் அப்பா கையை விட்டுத் துழாவி வெளியே இழுத்தபோது அவர் விரலில் ஒரு ரோஸ் நிறப் பட்டுத்தலைப்பு சுற்றியிருந்தது.

வாசலில் ஸ்டெல்லா ஆன்ட்டி. பூசைக்குப் போய்விட்டு வந்த புடவை, கையில் ஜெபமாலை. "இன்னா சரோஜாக்கா, என் பீரோவுக்குள்ள உங்க வூட்டுக்காரரு இன்னா தேடறாரு?"

அப்பா பட்டுத்தலைப்பைக் கீழே போடவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். "செவுரு கெட்டியா கேட்டுச்சும்மா..."

"அது செவுரு இல்லண்ணா, என் துணிமணி. அந்தப் பக்கம் மரபீரோ, உள்ள என் கல்யாணத்துலேர்ந்து சேத்து வெச்ச பொடவ. கெட்டியாத்தான் கேக்கும்!"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டிருந்தது. அப்பா ஏற்கெனவே களிமண் குழைக்கத் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்; லைனில் நாலு பேர் பார்ப்பதற்குள், பொழுது சாய்வதற்குள் அடைத்துவிட வேண்டும். உடைந்த பீரோப் பலகைக்கு வேறு பதில் சொல்ல வேண்டும். அம்மா, மாடத்தில் வைப்பதற்காகத் துடைத்துப் பாயில் அடுக்கியிருந்த பொருள்களை மறுபடி பேப்பரில் சுற்றத் தொடங்கினாள். இனி எப்போதும் கேட்க மாட்டாள் என்று அவள் சுற்றிய விதத்திலேயே தெரிந்தது.

ஸ்டெல்லா ஆன்ட்டி அப்போதுதான் பாயைப் பார்த்தார். மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் கையிலிருந்த பறவையின் மேலிருந்து பேப்பரை விலக்கினார். "யக்கா, இத எங்க ஒளிச்சி வெச்சினு இருந்த இத்தினி நாளு? ஒரே செவுத்துக்கு அந்தாண்ட நானு, ஒரு வார்த்தை சொல்லல நீ." ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டு அப்பாவிடம், "அடைக்காதீங்கண்ணா. எங்க பீரோவ எதிர்ச் செவுத்துக்குத் தள்ளிக்கிறோம். ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுடுங்க. உங்க வூட்டு அழக நாங்களும் கொஞ்சம் பாக்கறோம்" என்றார்.

அப்படித்தான் எங்கள் ஷோகேஸ் பிறந்தது. பக்கத்து ராபர்ட்சன்பேட்டைக் கடையில் அளவு சொல்லிக் கண்ணாடி அறுத்து, செய்தித்தாளில் சுற்றி, அப்பா சைக்கிளில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தார். இரு பக்கமும் தள்ளித் திறக்கிற கண்ணாடி, நடுவில் இரண்டு தட்டு. மேல் தட்டில் எங்கள் சாமான்கள், கீழ்த் தட்டில் ஸ்டெல்லா ஆன்ட்டியின் "லெமன் செட்" என்ற ஜூஸ் ஜாடியும் கிளாஸ்களும், மாதா சொரூபம், அவர் மகன் பிரின்ஸ் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்பு.

அதன் பிறகு வந்த தகராறு விசித்திரமானது. எந்தப் பொருளுக்கும் முகம் ஒரு பக்கம்தானே இருக்கும்? யார் வீட்டுக்கு முகம், யார் வீட்டுக்கு முதுகு? ஒரு வாரம் ஜாடியின் பூ எங்கள் பக்கம் இருக்கும். காலையில் பார்த்தால் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். பறவைகளுக்கு மட்டும் தீர்ப்பு சுலபமாகக் கிடைத்தது. ஒன்று எங்களைப் பார்த்து, மற்றொன்று அவர்களைப் பார்த்து. எனவே ஒரு பறவையின் முகமும் மற்றதன் முதுகும்தான் நான் வளர்ந்த வீட்டின் காட்சி. கிறிஸ்துமஸுக்கு ஆன்ட்டி அதில் குடில் வைத்தபோது இடையர்களின் முதுகெல்லாம் வர்ணமே இல்லாமல் வெள்ளையாக எங்களைப் பார்த்து நின்றன. அம்மா சும்மா இருப்பாளா? பொங்கலுக்குச் சுவரில் கோடு போட வாங்கிய காவியைக் கரைத்து, ஒவ்வோர் இடையனுக்கும் முதுகில் கம்பளி வரைந்துவிட்டாள். "எங்க கோயில்ல கூட இவங்களுக்குப் பின்னாடி துணி கிடையாதுக்கா" என்று ஆன்ட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கண்ணாடியில் ஆன்ட்டி வளையலால் இரண்டு தட்டு தட்டினால் பின்வாசலுக்கு வா என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போனால் அவர்கள் வீட்டு டியூப்லைட் பறவைகளின் இடுக்கு வழியாக வந்து என் கணக்கு நோட்டில் விழும். நானும் பிரின்ஸும் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பன்றிமூக்கு காட்டிக்கொள்வோம். வீடு என்றால் சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருவர் இருக்கிற இடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரின்ஸுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் தன் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டான். சாமான் ஏற்றுகிற அன்று ஆன்ட்டி கீழ்த் தட்டைக் காலி செய்தார். மேல் தட்டைத் தொடவில்லை. அம்மாதான் தன் பக்கக் கண்ணாடியைத் தள்ளி, அவர்களைப் பார்த்த பறவையை எடுத்து நீட்டினாள். "இதுக்கு முகம் பழக்கமானவ நீதான். எனக்கு இதோட முதுகுதான் தெரியும். எடுத்துனு போ" என்றாள். ஆன்ட்டி அதை முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

பூட்டிய வீட்டுக்குள் வெளிச்சம் இல்லை. அந்தப் பக்கம் இருட்டானதும் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. எங்கள் ஹாலும் எங்கள் டியூப்லைட்டும் எங்கள் முகமும்தான் அதில் தெரிந்தன. கொஞ்ச நாள் அம்மா அதில் பொட்டு சரிசெய்துகொண்டாள். பிறகு ஒரு காலண்டரை மாட்டி மறைத்துவிட்டாள்.

போன மாதம் அம்மாவையும் அப்பாவையும் கே.ஆர்.புரத்தில் நான் எடுத்திருக்கும் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தேன். ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில், எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டி, முதுகில்லாத அலமாரி ஒன்றைச் செய்திருந்தேன். தேக்கு நிறம், தட்டுக்கு அடியில் ஒளித்துவைத்த விளக்கு, அந்த விலைப்புத்தகப் படத்தில் இருந்த அதே மஞ்சள் வெளிச்சம். அப்பா பழக்கம் விடாமல் பக்கப்பலகையைத் தட்டிப் பார்த்து, "பொள்ளல்" என்றார். அம்மா கைப்பையிலிருந்து பறவையை எடுத்தாள். நடுத் தட்டில், எங்களைப் பார்த்தாற்போல வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"அந்தப் பக்கம் யாரு?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கமும் நம்மதாம்மா. டைனிங்."

"நம்மதானா" என்றாள்.

எங்கள் லைனில் இப்போது முன்சுவருக்கு டைல்ஸ் ஒட்டியவர்கள் இருக்கிறார்கள், இரும்புக் கதவு போட்டவர்கள் இருக்கிறார்கள், ஆளில்லாமல் ஓடு சரிந்த வீடுகளும் இருக்கின்றன. ஆணி அடிக்குமுன் பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருகிற வழக்கம் போய்விட்டது. இந்த ஃபிளாட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தும்மினால் கேட்பதும் இல்லை. ஸ்டெல்லா ஆன்ட்டி இதே ஊரின் மறுகோடியில் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து போன் செய்வார். ஆனால் போனில் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. வளையலால் இரண்டு தட்டு தட்டினால் போதாது.

மறுநாள் காலை காபி போட எழுந்தபோது பார்த்தேன். அம்மா பறவையைத் திருப்பி வைத்திருந்தாள். அதன் முகம் ஆளில்லாத சாப்பாட்டு மேசையைப் பார்க்க, எங்கள் பக்கம் வெறும் வெள்ளை முதுகு. சோபாவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, முகம் இந்தப் பக்கம் இருந்தாத்தான அழகு?" என்றேன், தொழில் புத்தியில்.

"இருக்கட்டும்டி" என்றாள் அம்மா. "இப்ப பாரு, ஸ்டெல்லாவுது மாதிரியே இருக்குது."