ஏழு குச்சி விரிசல்

எங்கள் தீப்பெட்டித் தொழிலாளர் சங்க மலருக்குச் சந்தனமேரியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவள் சங்கத்தில் உறுப்பினரில்லை. நான் மூன்று முறை கேட்டும் சேரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கடம்பூர் போகும் வழியில் அவள் ஊர். வேலை, தீப்பெட்டிக் கம்பெனிக்காக வீட்டில் உட்கார்ந்து தீக்குச்சிகளை மரச்சட்டத்தில் அடுக்குவது. மூத்த மகள் தெரசம்மாளுக்கு இளம்பிள்ளைவாதத்தில் வலது கால் போய்விட்டது. ஐந்தாம் வகுப்புவரை கீழ்த்தளம், தவழ்ந்தாவது போய்விட்டாள். 1977 ஜூனில் தலைமையாசிரியர் தேவஆசீர்வாதம் ஒரே வரியில் முடித்தார்: "ஆறாப்பு மாடியில இருக்கும்மா."

சந்தனமேரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினாள். மறுநாள், ஐந்தாம் வகுப்புக்குப் போகவேண்டிய இளையவள் மிக்கேலம்மாளும் பையைத் தூக்கி மூலையில் போட்டாள். அக்கா போகாத பள்ளிக்கூடத்துக்குத் தானும் போகமாட்டாளாம். அடித்துப் பார்த்தும் போகவில்லை.

"அப்ப ரெண்டு பேருக்கும் நானே பள்ளிக்கூடம்" என்றாள் சந்தனமேரி. அவள் படித்தது எட்டாவது.

கணக்கும் வாசிப்பும் குச்சி அடுக்கிக்கொண்டே நடக்கும். அறிவியலுக்குக் கை வேண்டும், கைதான் ஓயாதே. அடுக்கிய சட்டங்களை வாங்கிப்போகும் ஏஜெண்டு வண்டி வராத நாள் பண்டிகை நாள் மட்டும். ஆகவே ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு விட்டால் இவள் வீட்டில் பள்ளிக்கூடம். ஈஸ்டருக்கு உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டார்கள். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பாலம்மாளிடம் இரண்டு பானை வாங்கி, ஒன்றை மூடி ஒன்றைத் திறந்துவைத்து, எது முதலில் கொதிக்கிறது என்று பார்த்தார்கள். "பொங்கப்பானைய மூடுதா பாரு, கிறுக்கச்சி!" என்று வைதுகொண்டே பாலம்மாளும் கூட உட்கார்ந்து பார்த்தாள்.

நான் ஒருநாள் போய், பள்ளிக்கூடத்துக்கு எதிராக நோட்டீஸ் அடிக்கலாம், ஆர்ப்பாட்டம் வைக்கலாம் என்றேன்.

"நோட்டீஸ் அடிச்சா உங்க சங்கத்துப் பேரு பெருசா இருக்கும் அண்ணாச்சி. எம்புள்ள பேரு அடியில பொடி எழுத்துல கெடக்கும்."

எழுதிக்கொண்டுபோன நோட்டீஸ் வாசகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

1978 கிறிஸ்துமஸ். மாதா கோயிலில் வைக்கும் இயேசு பிறப்புக் குடிலுக்குத் தலைமையாசிரியரே கரிசல் மண்ணைக் குழைத்து மலை கட்டியிருந்தார். திருநாளன்று மலை பிளந்து, குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் ராஜாவின் ஒட்டகப் பொம்மை உள்ளே விழுந்தது. மறுநாள் காலை அவர் தலைமையில் ஒரு கூட்டம் வீட்டுக்குடில்களைப் பார்க்க வந்தது. நானும் பின்னால் போனேன்.

சந்தனமேரி வீட்டு மலை ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் வாய் பிளந்து கிடந்தது.

"என்னம்மா, பாதி மலைய வெடிக்க விட்டிருக்கே? பூசத் தெரியலையா?"

தெரசம்மாள் தரையிலிருந்தே நிமிர்ந்தாள். "வேணும்னுதான் விட்டிருக்கோம் சார். இந்தப் பக்கம் வெறுங்கரிசல். அந்தப் பக்கம் பாதிக்குப் பாதி ஓடை மணல் கலந்திருக்கு. கரிசல் தண்ணியக் குடிச்சு ஊதுது, காஞ்சா சுருங்குது. மூணாம் நாளு விரிசல்ல ஒரு குச்சிதான் போச்சு. இன்னைக்கு ஏழு குச்சி போவுது."

ஏழு தீக்குச்சிகளைச் சேர்த்துப் பிடித்து விரிசலில் செருகிக் காட்டினாள்.

"சார், கோயில் மலையும் வெறுங்கரிசல்தான?" என்றாள் மிக்கேலம்மாள். "அதான் ஒட்டகம் விழுந்துட்டு."

கூட்டம் சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "நல்லாத்தான் பேசுதுங்க. ஆனா ஆறாப்பு மாடியிலதான இருக்கு?"

"மாடியேறாத புள்ளைக்கு ஆறாப்பு கெடையாதுன்னு கவர்மெண்டு ஆர்டர் இருந்தா காட்டுங்க சார்" என்றாள் சந்தனமேரி. "இல்லேன்னா ஜூன்ல நாங்க வாறோம்."

வந்தாள். 1979 ஜூன், பள்ளி திறந்த அன்று, இரண்டு மகள்களையும் மாடிப்படிக்குக் கீழே உட்காரவைத்தாள். பக்கத்தில் குச்சிச் சட்டத்தோடு தானும் உட்கார்ந்தாள். "ஆறாப்பு எறங்கி வாற வரைக்கும் இங்கனதான் இருப்போம்." வாட்ச்மேன் விரட்டினான். "குச்சி எண்ணுதேன், பேசாதே" என்றாள்.

மேலே வாத்தியார் கேள்வி கேட்டால் கீழேயிருந்து தெரசம்மாள் கத்திப் பதில் சொன்னாள். நான்காம் நாள் மேலே ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் கீழேயிருந்து வரும் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். ஆறாம் நாள், உடைந்த பெஞ்சு அடைத்திருந்த கீழறையைக் காலிசெய்து ஆறாம் வகுப்பை இறக்கினார்கள். பதிவேட்டில் இரண்டு பெயரும் ஏறின. 'தற்காலிக ஏற்பாடு' என்று தலைமையாசிரியர் எழுதிவைத்தார். ஏழாவதும் எட்டாவதும் அதே அறையில்தான் நடந்தன.

போராட்டம் நடத்த எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவள் ஒரு கோஷம்கூடப் போடவில்லை.

அந்த டிசம்பரில் தெரசம்மாள் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "யம்மா, கோயில் மலைக்கு மணல் எத்தன பங்கு போடணும்னு பெரிய சார் கேட்டுட்டு வரச் சொன்னாவ."

சந்தனமேரி சட்டத்திலிருந்து தலை தூக்காமல் ஏழு குச்சியை எடுத்து நீட்டினாள்.

"கொண்டு போயி குடுட்டி. விரிசல அவியளையே அளந்து பாக்கச் சொல்லு."