வெட்டுவதற்கு முன் அண்ணன் கேட்ட கேள்வி

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறி இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் சிலர், அடக்க ஆராதனை அன்று என்னிடம் பேசத் தயங்கி விலகி நின்றீர்கள். உங்கள் மனத்தில் இருந்த கேள்வி என் மனத்திலும் இருந்தது. இப்போது அதற்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில். தகப்பனார் காலமானபோது அண்ணன் எட்டாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் துணி விரிக்கும் வேலையில் தொடங்கி, கட்டிங் மாஸ்டராக உயர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார். எனக்குத் திருமணமானதும், வேலம்பாளையத்தில் தம் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே எங்களைக் குடி வைத்தார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய ஒரு வழக்கம் தெரியும். மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு வரைந்து, கட்டிங் மெஷினைக் கையில் எடுத்ததும் உடனே வெட்டமாட்டார். இடது கையை உயர்த்தி, "நிறுத்தணுமா? சொல்லணும்னா இப்பவே சொல்லுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்பார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகுதான் கத்தி துணியில் இறங்கும்.

ஒருமுறை, கழிவுத் துணி கூட்டும் பழனியம்மாள் அக்கா துடைப்பத்தோடு நின்று, "நிறுத்துங்க மாஸ்டர். அடியில கெடக்கற துணி வேற சாயமாட்டத் தெரியுதுங்க" என்றாராம்.

முதலாளிக்குக் கோபம். "ஏனுங்க மாஸ்டர், லாரி வந்து நிக்குது. கூட்டற அம்மா பேச்சைக் கேட்டுட்டு நிக்கறீங்களே!"

"கேட்டது நான்தானே மொதலாளி. கேள்வியும் கேட்டுட்டு, பதில் வந்தா செவிடன் மாதிரி இருக்க முடியுமா?"

மெஷினைக் கீழே வைத்துவிட்டார். அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் அக்கா சொன்னதுதான் சரி. பிற்பாடு முதலாளியே இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். என் மகளுக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மருத்துவர்கள் கைவிரித்த வாரம், நான் ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்னால் முழங்காலிட்டு, இவள் பிழைத்தால் கர்த்தருடைய முழுநேர ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை செய்தேன். பிள்ளை பிழைத்தாள். அன்று முதல் வேதாகமத்தில் வரும் ஆபிரகாமின் கதை என் வீட்டுக் கதையாகிவிட்டது. தேவன் மகனைப் பலியிடக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் அதிகாலையில் கழுதைக்குச் சேணம் கட்டியவர் அவர். விறகை அந்த மகன் மேலேயே ஏற்றி மலையேறினார். நானும் அப்படிக் கீழ்ப்படிய வேண்டும், தவறினால் பிள்ளையைத் தேவன் எடுத்துக்கொள்வார் என்று நம்பினேன். அவளுக்குச் சளி பிடித்தால்கூட என் கை நடுங்கும். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெரியவளாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கும் ஆசிரியை நான். என் மகளிடம் கேட்டதேயில்லை. அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கல்லூரிகளின் பெயர்கள் வரிசையாக இருந்ததைப் பார்த்தும் கேட்கவில்லை.

அவள் பிளஸ் டூ முடித்ததும், வடநாட்டு ஊழியப் பயிற்சிக்கு அனுப்புவதற்காக அவளை ஒப்புக்கொடுக்கும் ஞாயிறு வந்தது. போதகர் ஐயா ஆபிரகாமைப் பற்றியே பிரசங்கித்தார். முடித்துவிட்டு எங்களை முன்னால் அழைத்தார். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்து இடது கையை உயர்த்தினார். கம்பெனி ஆட்கள் சிலர் சிரித்துவிட்டார்கள்.

"ஐயா மன்னிக்கணும். கத்தி வைக்கதுக்கு முன்னால கேக்கது என் வழக்கம். ஏட்டி, நிறுத்தணுமா?" என்று என் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"உட்காருங்கண்ணே, இது கம்பெனி இல்ல" என்றேன்.

"அதனாலதான் கேக்கேன். துணின்னா வேற வாங்கிக்கிடலாம்."

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நிறுத்துங்க மாமா. எனக்குக் கணக்குப் படிக்கணும்" என்றாள். போதகர் ஐயா அவள் தலையில் கை வைத்து, அவளுடைய படிப்புக்காக ஜெபித்தார்.

வெளியே வந்ததும் அண்ணனிடம் சண்டை போட்டேன். "பொருத்தனையை உடைச்சிட்டீங்க. பிள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?"

"என் மேல போடு" என்றார். "ஆபிரகாமுக்கு ரெண்டு சத்தம் வந்துச்சுல்லா? பிள்ளையக் கொண்டு வான்னு ஒண்ணு, அவன் மேல கைய வைக்காதேன்னு ஒண்ணு. நீ முதல் சத்தத்தோட காதைப் பொத்திக்கிட்ட. ஓங்கின கையைக் கீழ இறக்குனாரே, அதுவும் கீழ்ப்படிதல்தாம்ட்டி."

மகள் கல்லூரியில் சேர்ந்தாள். பத்து மாதம் கழித்து, கட்டிங் மேசை அருகிலேயே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். "என் மேல போடு" என்று அவர் சொன்னது ஆலய வாசலில் நின்ற பலருக்கும் கேட்டிருந்தது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. என் பிள்ளைக்குப் பதிலாகத் தேவன் அண்ணனை எடுத்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பெட்டியில் கிடந்த அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. வீட்டில் மகளின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் மதினி என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு மருத்துவ ஃபைலைக் கொடுத்தார். "உங்க அண்ணன் கடைசியாச் சொன்னது இதுதான். 'அவ கண்டதையும் நினைச்சுப் பயப்படுவா, தேதியைக் காட்டு'ன்னாவ."

இதய வால்வு பழுது, அறுவை சிகிச்சை தேவை என்று எழுதியிருந்தது. தேதியைப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. என் மகள் பத்தாம் வகுப்பில் இருந்த காலம்.

"மேசைகிட்ட நிக்க விடமாட்டாங்கன்னு யார்ட்டயும் சொல்லல. ஆபரேஷன்னு பேச்செடுத்தா, 'நிறுத்து'ன்னு எங்கிட்டயே கையைத் தூக்குவாவ" என்று மதினி சிரித்தார். பிறகு இருவரும் அழுதோம். அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பழி வாங்கக் காத்திருக்கும் ஒருவருக்குப் பயந்தே இத்தனை வருடம் ஜெபித்திருக்கிறேன். ஆபிரகாம் அறிந்தவர் அப்படிப்பட்டவர் அல்ல. எனக்கு மூச்சு வந்தது. அண்ணனை இழந்த துக்கம் அப்படியே இருக்கிறது. அதில் பயம் கலந்திருந்தது, அது போய்விட்டது.

அண்ணனைத் தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோன முதலாளிக்கும், மூன்று நாளும் உடனிருந்த போதகர் ஐயாவுக்கும், மதினியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட பழனியம்மாள் அக்காவுக்கும், பெட்டியைச் சுமந்த கம்பெனித் தோழர்களுக்கும், ஊரிலிருந்து வந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி. போன மாதம் உங்களில் ஒருவர் என் மகளுக்கு நல்ல வரன் என்று போன் செய்தீர்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தவள், போனைக் கையால் மூடிக்கொண்டு மகளைப் பார்த்தேன்.

"நிறுத்தணுமாட்டி?"

"நிறுத்துங்கம்மா. இன்னும் டிகிரியே முடியல."

நிறுத்திவிட்டேன். வருத்தப்படாதீர்கள். அன்று என் கை நடுங்கவில்லை.